ஷியான் முஸ்லிம் பேட்டைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: விசா முதல் ஹலால் சாப்பாடு வரை

சீனாவுக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் முதலில் கேட்பது, "சாப்பாட்டுக்கு என்ன செய்வே?" என்றுதான். ஷியான் நகரைப் பொறுத்தவரை அது கவலையே இல்லை. நகரின் நடுவில், முரசுக் கோபுரத்துக்குப் பின்னால், ஹுய் எனப்படும் சீன முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பேட்டை இருக்கிறது. பள்ளிவாசல்கள், ஆட்டிறைச்சிக் கடைகள், ரொட்டி அடுப்புகள், மசாலாக் கடைகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கும். திண்டாட்டமெல்லாம் அந்தப் பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள்தான். விசா, பணம் செலுத்தும் செயலி, இணையம், தங்கும் அறை என்று ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகத் தொல்லை கொடுத்தது. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. விசா: இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

முதலில் உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று பாருங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சீனா வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று இணையத்தில் நிறையக் காணொளிகள் வருகின்றன. அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. அதை நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

இந்தியாவில் சீன விசா விண்ணப்ப மையங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் இயங்குகின்றன. உங்கள் மாநிலம் எந்த மையத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பயண முகவர் மூலம் அனுப்பினால் மையத்தின் கட்டணம் எவ்வளவு, முகவரின் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறவர்களிடம் பிறகு கணக்குக் கேட்பது கஷ்டம்.

கையில் இருக்க வேண்டியவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அதில் இரண்டு வெற்றுப் பக்கங்கள், இணையத்தில் நிரப்பி அச்செடுத்த விண்ணப்பம், போக வர விமானப் பதிவு, எல்லா இரவுகளுக்கும் விடுதிப் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அல்லது தொழிலுக்கான சான்று. புகைப்படம் 33க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. நம் ஊர் ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் வெட்டித் தருவார்கள். அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விடுதிப் பதிவை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் போடுங்கள். விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத எந்தச் சீட்டும் வாங்க வேண்டாம்.

தேதி தேர்ந்தெடுக்கும்போது அக்டோபர் முதல் வாரம், மே தினத்தை ஒட்டிய விடுமுறை, சீனப் புத்தாண்டு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் நாடே பயணத்தில் இருக்கும். அறை வாடகை ஏறும், ரயில் சீட்டு கிடைக்காது, முஸ்லிம் பேட்டையில் நடக்க இடம் இருக்காது.

2. பணம்: அலிபேயை ஊரிலேயே முடித்துவிடுங்கள்

ஷியானில் தள்ளுவண்டிக்காரர் வரை கியூஆர் குறியீட்டில்தான் பணம் வாங்குகிறார்கள். வெளிநாட்டவர் அலிபே அல்லது வீசாட் செயலியில் தங்கள் விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை இணைத்துப் பயன்படுத்தலாம். அலிபே எளிது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும்.

செய்யும் முறை இதுதான். செயலியை இறக்கி, உங்கள் கைபேசி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டைப் படமெடுத்து அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். அட்டையை இணையுங்கள். அதற்கு முன் வங்கிச் செயலியில் அந்த அட்டைக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலருக்கு முதல் கடையிலேயே அட்டை மறுக்கப்படுகிறது. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை இணைத்து வைத்தால் ஒன்று படுத்தாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

ஓடிபி விஷயத்தை மறக்காதீர்கள். வங்கி அனுப்பும் எண் உங்கள் ஊர் சிம்முக்குத்தான் வரும். ரோமிங் இல்லாத சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

200 யுவானுக்குக் குறைவான தொகைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிக்கும். சாப்பாட்டுச் செலவு எதுவும் 200-ஐத் தாண்டாது, விடுதிக் கட்டணம்தான் தாண்டும். ஒரு யுவானை ஏறத்தாழ 12, 13 இந்திய ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைச்செலவுக்கு 500 யுவான் அளவுக்குச் சில்லறை நோட்டுகளும் வைத்திருங்கள். பள்ளிவாசல் உண்டியலுக்கும், செயலி சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்துக்கும் அது உதவும்.

3. இணையம்

கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எதுவும் சீன இணைப்பில் திறக்காது. விடுதி வைஃபையிலும் அதே கதைதான். உங்கள் ஊர் சிம்மின் ரோமிங், அல்லது வெளிநாட்டு நிறுவனம் விற்கும் பயண இ-சிம் போட்டுக்கொண்டால் இவை வழக்கம்போல வேலை செய்யும். புறப்படும் முன்பே வாங்கி நிறுவிவிடுங்கள்.

வரைபடத்துக்குக் கூகுளை நம்ப வேண்டாம். சீனாவில் அது இடம் மாற்றிக் காட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வரைபடம் போதும், மற்றவர்கள் ஏமேப் இறக்கிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கி வையுங்கள். குர்ஆன், தொழுகை நேரம், கிப்லா (தொழும் திசை) செயலிகளையும் ஊரிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தேடினால் எல்லாம் கிடைக்காது.

4. விமானமும் அறையும்

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழி வசதி. இரண்டு ஊர்களிலிருந்தும் ஷியானுக்கு மலிவு விமானங்கள் நேராகப் பறக்கின்றன. குவாங்சோவில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்கவும் செய்யலாம். அப்படியானால் உங்கள் பவர் பேங்க்கைக் கவனியுங்கள். 2025 ஜூன் 28 முதல், சீனாவின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானத்தில் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது, சோதனைச் சாவடியில் எடுத்து வைத்துவிடுவார்கள். விமானத்தில் முஸ்லிம் உணவு வேண்டுமென்றால் சீட்டு எடுக்கும்போதே சேர்த்துவிடுங்கள், கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது.

அறையை முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் சுற்றுவட்டாரத்திலோ சாஜின்சியாவ் மெட்ரோ நிலையத்தின் பக்கத்திலோ போடுங்கள். காலைச் சாப்பாட்டுக்கும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கும் நடந்தே போகலாம் என்பதால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும்.

வெளிநாட்டவர் தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். விடுதியில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். ஆனால் சில சிறிய விடுதிகளுக்கு இந்த நடைமுறையே தெரியாது. இரவு பதினோரு மணிக்கு, பணம் கட்டிய பதிவைக் கையில் காட்டியும், வெளிநாட்டவரை ஏற்பதில்லை என்று எனக்கு ஒரு விடுதியில் அறை மறுத்தார்கள். பதிவு செய்தவுடனே, "இந்தியக் கடவுச்சீட்டில் தங்கலாமா?" என்று செயலி வழியே சீன மொழியில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் காவல் நிலையத்துக்கு நீங்களே போய்ப் பதிய வேண்டும்.

5. விமான நிலையத்திலிருந்து பேட்டைக்கு

மெட்ரோ 14-ஆம் வழித்தடத்தில் ஏறி ஷியான் வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி, 2-ஆம் வழித்தடத்துக்கு மாறி, ஜோங்லோ என்ற மணிக் கோபுர நிலையத்தில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மெட்ரோவுக்கும் அலிபே போதும். வெளியே வந்து முரசுக் கோபுரத்தின் அடிவளைவு வழியாக நடந்தால் பேட்டையின் பெரிய தெருவான பெய்யுவான்மென் தொடங்கும்.

6. ஹலால் என்று எப்படி உறுதி செய்வது

கடைப் பலகையில் அரபு எழுத்து இருக்கும் என்று தேடாதீர்கள். பல ஊர்களில் அரபு எழுத்துகளை அதிகாரிகள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தேட வேண்டியது "சிங்ஜென்" என்று படிக்கப்படும் இரண்டு சீன எழுத்துகள். அவற்றைப் படமாகக் கைபேசியில் சேமித்து, பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாளில் தூரத்திலிருந்தே கண் பிடித்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. சீன உணவுப் பட்டியலில் "ரோ" என்று வெறுமனே போட்டிருந்தால் அது பன்றி இறைச்சி. மாட்டிறைச்சிக்கு "நியூ ரோ", ஆட்டிறைச்சிக்கு "யாங் ரோ" என்று முன்சொல் சேரும். பேட்டைக்கு வெளியே இதை மறந்தால் ஆபத்து.

ஷியானின் புகழ்பெற்ற ரோஜியாமோ என்னும் இறைச்சி ரொட்டியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நகரின் மற்ற பகுதிகளில் அது பன்றி இறைச்சியில் செய்வது. முஸ்லிம் பேட்டையில் மட்டும் பதப்படுத்தி வேகவைத்த மாட்டிறைச்சி வைத்துத் தருவார்கள். லியாங்பி என்ற குளிர்ந்த அரிசிப் பட்டை நூடுல்ஸில் இறைச்சியே இல்லை, ஆனால் வெளியே அதை விற்கும் கடைகளில் பெரும்பாலும் அதே பலகையில், அதே கத்தியில் ரோஜியாமோவும் வெட்டுவார்கள். சைவம் என்று சொன்னாலும் பன்றிக் கொழுப்பும் சமையல் மதுவும் சேர்ந்திருக்கலாம். நான் சொல்வது, பேட்டைக்குள் தாராளமாகச் சாப்பிடுங்கள், வெளியே போனால் அந்த இரண்டு எழுத்து இல்லாத இடத்தில் தண்ணீரும் பழமும் போதும்.

பேட்டைக்குள்ளும் ஒரு கண் வைத்திருங்கள். மேசையில் பீர் இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். பேணுதலான ஹுய் கடைகளில் மது விற்பதில்லை, வெளியிலிருந்து கொண்டுவரவும் விடமாட்டார்கள்.

7. எப்போது, எங்கே, என்ன சாப்பிடுவது

பெய்யுவான்மென் தெரு பார்க்க அழகு. மாலையில் விளக்கும் புகையும் கூட்டமுமாக இருக்கும். ஆனால் அது சுற்றுலாப் பயணிகளுக்கான தெரு. ஒருமுறை நடந்து பாருங்கள், வயிற்றை அங்கே நிரப்பாதீர்கள். உள்ளூர் முஸ்லிம்கள் சாப்பிடுவது அதற்கு மேற்கே சாஜின்சியாவ் தெருவிலும், குறுக்கே போகும் தாபியுவான் போன்ற சந்துகளிலும். விலையும் குறைவு, கையும் தாராளம்.

காலை: ஹுலாதாங். மாட்டிறைச்சி உருண்டை, உருளைக்கிழங்கு, கோசு போட்டு, மிளகு வாசம் தூக்கலாகக் கொதிக்கும் கெட்டியான சூப். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே மிளகாய் எண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டும். பத்துப் பதினைந்து யுவானில் மதியம் வரை பசிக்காது. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், தாமதித்தால் அண்டா காலியாகிவிடும்.

மதியம்: யாங்ரோ பாவ்மோ, அதாவது ரொட்டியைக் கிள்ளிப் போட்ட ஆட்டிறைச்சிச் சூப். ஷியானுக்கு வந்ததற்கு இது ஒன்றே போதும் என்பேன். ஆனால் முறை தெரியாமல் உட்கார்ந்தால் திகைத்துப் போவீர்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஆட்டிறைச்சியா மாட்டிறைச்சியா, எத்தனை ரொட்டி என்று கேட்பார்கள். முதல் முறைக்கு ஒன்று போதும், இரண்டு நம் வயிற்றுக்கு அதிகம். வெறும் கிண்ணத்தையும் கெட்டியான வட்ட ரொட்டியையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பாடு வரும் என்று காத்திருக்க வேண்டாம், வேலை உங்களுடையது. கையைக் கழுவிக்கொண்டு, ரொட்டியை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி மொச்சைக் கொட்டையை விடச் சின்னதாக ஆக்குங்கள். பெரிதாக விட்டால் சாறு உள்ளே இறங்காது. அரை மணி நேரம் ஆகலாம், அவசரப்படாதீர்கள். பக்கத்து மேசைப் பெரியவர்கள் அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை பேசுவார்கள். முடித்ததும் கிண்ணத்தை எடுத்துப்போய், எலும்புச் சாறும் இறைச்சியும் கண்ணாடி நூடுல்ஸும் சேர்த்துக் கொதிக்க வைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். உங்கள் கிண்ணம் மாறாமலிருக்க எண் வில்லை வைப்பார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். வந்ததைக் கலக்கக் கூடாது, ஓரத்திலிருந்து உள்ளே சாப்பிட்டுப் போக வேண்டும். கூடவே தரும் இனிப்புப் பூண்டு ஊறுகாயைக் கடித்துக்கொண்டால் கொழுப்பு திகட்டாது. கிண்ணம் 25 முதல் 40 யுவான். இயந்திரத்தில் வெட்டிய ரொட்டி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரமும் புளிப்பும் பிடித்தவர்கள், தக்காளி சேர்த்துச் செய்யும் "சியாவ்சாவ்" வகையைக் கேளுங்கள். நம் நாக்குக்கு அதுதான் உடனே ஒத்துப்போகிறது.

மாலை: சீரகமும் மிளகாயும் தூவிச் சுட்ட ஆட்டிறைச்சிக் குச்சி, சாறு நிறைந்த மாட்டிறைச்சி பாவ் (ஆவியில் வெந்த மாவுப் பொதி), எள் விழுது ஊற்றிய லியாங்பி. இனிப்புக்கு, பசையரிசியும் சிவப்பு இலந்தைப் பழமும் அடுக்கி ஆவியில் வேகவைத்த ஜெங்காவ், சீமைப் பனிச்சைப் பழத்தைப் பிசைந்து எண்ணெயில் பொரித்த அப்பம். குடிக்கப் புளிப்புப் பிளம்ஸ் சாறு அல்லது உள்ளூர் பிங்ஃபெங் ஆரஞ்சு சோடா.

உலர்பழம், கொட்டை, இனிப்பு வாங்கும்போது எடையைக் கவனியுங்கள். பலகையில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு "ஜின்" எடைக்கு, அதாவது 500 கிராமுக்கு. சில இடங்களில் 50 கிராமுக்கான விலையைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். எடை போட்டு வெட்டிய பிறகு வேண்டாம் என்றால் சண்டை வரும். வெட்டும் முன்பே விரலால் அளவைக் காட்டி, மொத்தம் எவ்வளவு என்று கணிப்பானில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டைச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 120 யுவான் ஒதுக்கினால் தாராளம்.

8. தொழுகையும் பெரிய பள்ளிவாசலும்

பெரிய பள்ளிவாசல் ஹுவாஜுவே சந்தில் இருக்கிறது. மினாராவையும் குவிமாடத்தையும் தேடிக்கொண்டு நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள், முழுக்க முழுக்கச் சீனக் கட்டிடக் கலை. பரிசுப்பொருள் கடைகளுக்கு நடுவே கல் மதிலும் மரவாசலும் தெரியும். நுழைவுக் கட்டணம் மார்ச் முதல் நவம்பர் வரை 25 யுவான், மற்ற மாதங்களில் 15. முஸ்லிம்களுக்குக் கட்டணம் இல்லை. வாசலில் சலாம் சொல்லித் தொழ வந்திருப்பதைத் தெரிவியுங்கள்.

முற்றம் முற்றமாக உள்ளே போகும்போது மர வளைவும் கல்வெட்டுகளும் வரும். எண்கோண வடிவில் மூன்று அடுக்காக நிற்கும் மண்டபம்தான் இங்கே மினாரா. கடைசியில் நீல ஓடு வேய்ந்த தொழுகைக் கூடம். உள்ளே சுவர்ப் பலகைகளில் குர்ஆன் வசனங்களை அரபியிலும் சீன மொழியிலும் செதுக்கியிருக்கிறார்கள். தொழ வருகிறவர்களை மட்டுமே கூடத்துக்குள் விடுவார்கள், சுற்றுலாப் பயணிகள் வாசலோடு நிற்க வேண்டும். ஆகவே தொழுகை நேரத்தில் போங்கள். அந்தச் செதுக்கல்களுக்கு நடுவே தொழுகை வரிசையில் நிற்பது வெறுமனே சுற்றிப் பார்ப்பதை விட எவ்வளவோ மேல். உள்ளே கைபேசியை வெளியே எடுக்க வேண்டாம்.

நேரக் கணக்கில் குழப்பம் வரும். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான். ஷியான் மேற்கே தள்ளி இருப்பதால் லுஹர் என்ற நண்பகல் தொழுகை நேரமே 12:30-லிருந்து 1 மணிக்குள்தான் தொடங்கும். சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிப் கோடையில் இரவு எட்டு மணியை ஒட்டி வரும், குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். ஹுய் மக்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி), அதில் பிற்பகல் அஸர் தொழுகை ஷாஃபிஈ வழியை விடத் தாமதமாகத் தொடங்கும். ஷாஃபிஈ நேரத்தைப் பார்த்து அஸருக்குப் போனால் ஜமாஅத்துக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். தெருவில் பாங்கு கேட்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், பள்ளிக்குள் மாட்டியிருக்கும் நேரப் பலகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜும்ஆவுக்கு முந்தைய நாளே நேரம் கேட்டுவிட்டு, அன்று சீக்கிரம் போங்கள். கிப்லா ஏறத்தாழ நேர் மேற்கு, சற்றே வடக்கு.

பெண்களுக்கு எல்லாப் பள்ளியிலும் தனி இடம் இருக்காது. வாசலில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அறையில் தொழுதுகொள்வதே நிம்மதி. பொதுக் கழிப்பறைகளுக்குள் கழுவத் தண்ணீர் வசதி பெரும்பாலும் கிடையாது. ஒரு சிறிய தண்ணீர்ப் புட்டியும் காகிதக் கைக்குட்டையும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற பள்ளியில் வெளிநாட்டவர் தொழ எந்தத் தடையும் இல்லை. ஆனால் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்வது, மார்க்க நூல்களை விநியோகிப்பது, தனியாகக் கூட்டம் கூட்டுவது எதுவும் கூடாது. சொந்தத்துக்கு ஒரு குர்ஆன் போதும். உள்ளூர்க்காரர்களிடம் அரசியல் பேச்சை எடுக்காதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள்.

9. பேட்டையை விட்டு வெளியே போகும் நாட்களில்

சுடுமண்ணால் செய்த பழங்காலப் படைவீரர் சிலைகளைப் பார்க்க லின்தோங் போகும் நாளில் காலை உணவை முடித்து, மதியத்துக்கு ரொட்டி கட்டிக்கொண்டு கிளம்புங்கள். நுழைவுச்சீட்டு 120 யுவான், கடவுச்சீட்டு எண் கொடுத்து முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டு அசல் கையில் இருக்கட்டும்.

வேறு எந்தச் சீன நகரில் மாட்டிக்கொண்டாலும் லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையைத் தேடுங்கள். சிங்காய் மாகாணத்து ஹுவாலோங் முஸ்லிம்கள் நாடு முழுவதும் நடத்தும் சிறிய கடைகள் இவை. மாவை உங்கள் கண் முன்னே இழுத்துப் போடுவார்கள். பலகையில் அதே பெயர் இருந்தாலும் "சிங்ஜென்" எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உட்காருங்கள். அந்த நூடுல்ஸைப் பிறந்த ஊரிலேயே சாப்பிட விரும்பினால் ஷியானிலிருந்து லான்ஜோவுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், இரண்டாம் வகுப்பு 175 யுவான் வரும். சீட்டு 15 நாள் முன்பு திறக்கும், 12306 என்ற சீன ரயில் செயலியில் கடவுச்சீட்டைச் சரிபார்க்கச் சில நாள் எடுக்கும், அதை முன்பே முடித்து வையுங்கள். லான்ஜோவில் காலையிலேயே போய்விட வேண்டும். நல்ல கடைகள் மதியம் தாண்டியதும் அடுப்பை அணைத்துவிடும்.

குவாங்சோ வழியாகத் திரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை அங்கே இருக்கும்படி பாருங்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று சீன முஸ்லிம்கள் நம்பிப் போற்றும் இடத்தை ஒட்டிய ஷியான்ஷியான் பள்ளியில், பல நாட்டு வணிகர்களும் ஒன்றாக ஜும்ஆ தொழுவதைப் பார்க்கலாம்.

10. வாங்கி வருவது

உலர்ந்த சிவப்பு இலந்தைப் பழம், அக்ரூட், சிறு பொட்டலங்களில் கிடைக்கும், எட்டுப் பொருள் கலந்த தேநீர், சீரகம் கலந்த மிளகாய்த் தூள் ஆகியவை பெட்டியில் நன்றாகத் தாங்கும். பொரித்த அப்பமும் ஜெங்காவும் இரண்டாம் நாளே கெட்டுவிடும், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். காற்று நீக்கிப் பொதிந்த மாட்டிறைச்சியைக் கடைக்காரர் அன்போடு நீட்டுவார். இந்தியாவுக்குள் இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரக் கட்டுப்பாடு இருப்பதால் அதை வாங்க வேண்டாம். இலந்தைப் பழத்தையும் தேநீரையும் பெய்யுவான்மெனில் வாங்காமல் சாஜின்சியாவ் பக்கம் கடைசி நாள் காலையில் வாங்குங்கள். கூட்டம் இருக்காது, சுவை பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், விலையும் இறங்கி வரும்.